வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள்

நேற்று உங்களில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து மேசையின் உயரத்தைக் கேட்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர் மண் அள்ள மேசை எத்தனை அங்குலம் இருக்க வேண்டும், பாதை எவ்வளவு சரியலாம், கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்றெல்லாம். அவை இப்போது அச்சிலேயே கிடைக்கின்றன. என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். என்னிடம் உங்களுக்கு உதவக்கூடியது வேறு. பிரிஞ்சாங் பக்கம் நீங்கள் இப்போது வேலை பார்க்கும் இந்தத் தோட்டம், உடல் ஊனமுற்றவர்கள் வேலை செய்வதற்காக நான் போட்ட இரண்டாவது தோட்டம். முதலாவதில் ஒருவர் செத்துப்போனார். அந்தச் சாவில் என் கை இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை நீங்கள் என் வாயால் கேட்டுக்கொள்வது நல்லது.

எழுபதுகளின் நடுவில், தானா ராத்தா டவுனுக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஒருவர், ஒரு ஆயா, நான். தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் மிஸ்ஸி; நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தோட்டம் கொடுக்கும் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்க வேண்டுமானால் அந்த வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருக்க வேண்டும். கை போனாலும் கால் போனாலும் சில மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் வீடு போகும். நான் கட்டுப் பிரித்து, புண் ஆறிவிட்டது என்று எழுதி அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த நாளிலிருந்தே வீட்டை இழக்கத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெங்கன் அப்படி வந்தவர்தான். கொழுந்து ஏற்றும் லோரியில் வேலை செய்தவர். வளைவு ஒன்றில் லோரி கவிழ்ந்து இரண்டு கால்களையும் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி மாரியாயி உழைக்கத் தயங்காதவள். ஆனால் அவளிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமை இல்லை, வேலை பெர்மிட் கிடைக்கவில்லை, அதனால் அவள் பெயர் செக்ரோலில் ஏறாது. அந்த வீடு நின்றது ரெங்கனின் பெயரில் மட்டும்.

தேயிலை நாற்றங்காலைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. கன்று போடும் வேலைக்குக் கால் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பி, இலையோடு நறுக்கிய சின்னத் தண்டைச் செருகி, தண்ணீர் விட வேண்டும். பெண்கள் அதைத் தரையில் குந்தியிருந்து செய்தார்கள். அதையே மேசைமேல் வைத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் செய்யலாம். செய்தால் அவர் வேலையாள். அவர் பெயர் செக்ரோலில் இருக்கும்.

தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர், வேலையை மேற்பார்ப்பவர், சிரித்தார். துரை சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்திருந்த மேட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது நான் ஒருத்திதான் என்றும் சொன்னார். சரி என்றேன். அந்த வார்த்தை பின்னால் என்னை என்ன செய்யும் என்பதை அப்போது நான் அறியவில்லை.

நான்கு பேரோடு தொடங்கினேன். ரெங்கன். பாக்கியம், தேயிலை உருட்டும் இயந்திரத்தில் வலது கையை மணிக்கட்டோடு கொடுத்தவள். தங்கராசு, பிறவியிலேயே பார்வை இல்லாதவர். காவேரி, இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பத்தொன்பது வயதுப் பெண்.

முதல் நாளே மேசை தப்பு. நான் நின்ற உயரத்துக்கு அளந்து தச்சரிடம் சொல்லியிருந்தேன்.

"மிஸ்ஸி, இந்த மேசைய யாருக்குப் போட்டீங்க? ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்றார் ரெங்கன்.

"பழகினால் சரியாகிவிடும்" என்றேன்.

"நீங்க ஒருநா இந்த நாக்காலில ஒக்காந்து ஒரு நூறு பை நெரப்பிப் பாருங்க லா. அப்புறம் பேசுவோம்."

கோபத்தோடு உட்கார்ந்தேன். நாற்பது பைக்குள் தோள்பட்டை எரிந்தது. அன்று மாலையே தச்சரைக் கூப்பிட்டு மேசைக்கால்களை அறுக்கச் சொன்னேன். இதை நான் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது மேசை உயரத்தை மட்டும்தான். ரெங்கன் குறை சொன்னால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்கவில்லை.

அவர் குறை சொல்லாத நாள் கிடையாது. தண்ணீர் சில்லென்று இருக்கும், மண்ணில் கல் இருக்கும், தேநீரில் சீனி இருக்காது. கெட்ட வார்த்தையும் வரும். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனாலும் வேலை நடந்தது. தங்கராசு கட்டை விரலை மண்ணில் அழுத்தியே எந்தப் பைக்குத் தண்ணீர் அதிகம் என்று சொல்லிவிடுவார். பாக்கியம் மொட்டைக் கையால் பையை அணைத்து, இடது கையால் தண்டைச் செருகுவாள். ஒரு வருஷத்துக்குள் கன்றுகள் வேர்பிடித்து மலைக்குப் போயின. கண்டக்டர் வந்து ஒரு பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நூறு பைக்கு ஆள் அனுப்பினார்.

பிறகு காவேரியின் சக்கர நாற்காலி உருண்டது. நாற்று மேட்டிலிருந்து பாதை ஆஸ்பத்திரி வாசலுக்குச் சரிவாக இறங்கும். தண்ணீர் குடிக்கப் புறப்பட்டவளின் கை வழுக்கியது. நாற்காலி கீழே ஓடி வாய்க்காலில் மோதியது. முன்பல் இரண்டு போயிற்று. அன்றோடு அவள் அம்மா அவளை அனுப்பவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காவேரியை நினைத்து என்று சொல்ல ஆசைதான். துரை சொன்ன வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் மேட்டின் வாசலில் ஒரு கனமான கட்டையைக் குறுக்கே போடச் செய்தேன். நாற்காலியின் கைப்பிடி உயரம். நடப்பவர்கள் குனிந்து போய்விடலாம், நாற்காலி போகாது. வெளிப்பக்கம், உள்ளே உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில், ஓர் இரும்பு ஆணிதான் தாழ்ப்பாள். ஒரு கையால் கட்டையைத் தூக்கிப் பிடித்து மறு கையால் ஆணியை உருவினால்தான் திறக்கும். நான் இல்லாமல் யாரும் அந்த ஆணியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். காவேரியும் போய்விட்ட பிறகு அந்தக் கட்டை யாரைத் தடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு மனிதரை.

"மாட்டுக் கொட்டாய்க்குத்தான் மிஸ்ஸி வெளிப்பக்கம் தாப்பா போடுவாங்க" என்றார் ரெங்கன்.

"உங்க நல்லதுக்குத்தான்."

"அப்ப உள்பக்கம் போடுங்க. எனக்குக் கையி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை, "மிஸ்ஸி, தொறங்க!" என்ற சத்தம் வரும். ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், புண் கழுவிக்கொண்டிருப்பேன். முடித்துவிட்டுத்தான் போவேன். சில நாள் தாமதமாகிவிடும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார். கொஞ்ச நாளில் அந்தக் குரல் கூரைமேல் மழை விழும் சத்தம் மாதிரி என் காதில் பழகிவிட்டது.

நவம்பர் மழை. ஐந்து நாளாக விடவில்லை. மேட்டுக்குத் தகரக் கூரை இருந்ததால் வேலை நிற்கவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அவர்களுக்குத்தான் கெடுதல் என்று நினைத்தேன். டிரெஸ்ஸர் ஒரு நோயாளியைத் தானா ராத்தா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் முதல் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். மேட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். கட்டை போட்டிருந்தது. நான் பிரசவ அறைக்குள் போனேன்.

குழந்தையின் தலை வந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அந்த நேரத்தில்தான் மேட்டிலிருந்து சத்தம் வந்தது.

"மிஸ்ஸி! தொறங்க! மிஸ்ஸி!"

ஆயா என்னைப் பார்த்தாள். "ரெங்கன் கத்துறாப்ல இருக்கு. நான் போய்ப் பாக்கவா?"

"இருக்கட்டும். வெளிய போகத்தான் கத்துவாரு. நீ இங்க புடி."

இதுதான் நான் சொன்னது. என்னால் அந்த அறையை விட்டுப் போக முடியாது, அது உண்மை. போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திராது. ஆனால் என்னைப் போகச் சொல்லி யார் கேட்டார்கள்? போகிறேன் என்று நின்ற ஆயாவை நான் நிறுத்தினேன். "போ" என்று ஒரு வார்த்தை போதும். அறுபது அடி தூரம்.

மறுபடியும் கத்தினார். அப்புறம் பாக்கியத்தின் குரலும் சேர்ந்தது. அவள் கத்தி நான் கேட்டதில்லை. கொடியை எடுத்துவிட்டு, குழந்தையை வெளியே எடுத்து ஆயாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பாதி வழியில் ஒரு சத்தம். இடி போல இல்லை. கனமான மூட்டையைப் பக்கத்தில் யாரோ இறக்கிப் போட்டது மாதிரிதான்.

நான் போனபோது வாசல் திறந்திருந்தது. பாக்கியம் சேற்றில் மண்டியிட்டு இருந்தாள். அவள் இடது கையில் அந்த ஆணி. கட்டையைக் கட்டிப் பிடித்தபடி தங்கராசு பாதைக்குக் கீழே கிடந்தார். மேசைகள் இருந்த இடத்தில் சிவப்பு மண். கூரைத் தகரத்தில் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

நடந்தது இது. முதலில் தங்கராசுதான் மேலே வேர் அறுபடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். பாக்கியம் பின்பக்கத்து மண்சுவரில் ஒழுகிய தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவதைப் பார்த்தாள். இருவரும் குனிந்து வெளியே வந்துவிட்டார்கள். ரெங்கன் கட்டைக்கு உள்ளே; மழையில் ஊறிக் கனத்த அது உட்கார்ந்திருப்பவர் கைக்கு அசையாது. ஆணியை உருவ இரண்டு கை வேண்டும், பாக்கியத்துக்கு ஒன்றுதான். தங்கராசுக்கு ஆணி இருக்கும் இடம் தெரியாது. இரண்டு பேரும் முதலில் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆணியத் தொட்டா நீங்க வைவீங்கன்னு நின்னுட்டோம் மிஸ்ஸி" என்றாள் பாக்கியம். "நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சோம்."

பிறகு தங்கராசு கட்டையைத் தோளால் தூக்க, அவள் ஆணியை உருவியிருக்கிறாள். ஊறிப்போன கட்டை, இறுகிப்போன ஆணி. அது கழன்ற நொடியில் மேலிருந்த மலைச்சரிவு இறங்கியது.

அவரை நாற்காலியிலிருந்து தூக்கி வெளியே இழுத்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். இழுத்திருக்கலாம். தங்கராசு பலசாலி. அப்படி ஒரு நிலைமை வந்தால் நாற்காலியை விட்டுவிட்டு ஆளைத் தூக்குங்கள் என்று நான் அவர்களுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆணியைத் தொடாதே என்பதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை அவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள்.

லயத்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்து தோண்டினார்கள். இருட்டுவதற்கு முன் கிடைத்துவிட்டார். முகத்தைக் கழுவியது நான்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. மாரியாயி அழவில்லை. வாசல்படியில் நின்று, நான் கழுவி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் எழுத்தரான கிராணி ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். மழையில் மேட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லியும் ரெங்கன் தானாகவே போனதாக அதில் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். துரை என்னை மிரட்டவில்லை. அவர் பேசியது அன்பாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நாற்று வேலை வேறு இடத்தில் தொடரும், பாக்கியமும் தங்கராசுவும் செக்ரோலில் இருப்பார்கள், என் வேலையும் இருக்கும். போடாவிட்டால் எல்லாவற்றையும் மூட வேண்டிவரும் என்றார். இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் போய்விட்டார், யாருக்காக யோசிக்க வேண்டும் என்று கேட்டார்.

ஒரு நாள் தவணை கேட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு தாள் என்றாவது வரும். அப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அந்தத் தாளால் யாருக்கு என்ன ஆகுமோ, அவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் அந்த ஒரு தடவை அதைச் செய்தேன். தங்கராசு கட்டுப்போட்ட தோளோடு பாக்கியத்தின் வீட்டில்தான் இருந்தார். தாளில் இருந்ததைச் சொன்னேன்.

பாக்கியம் சொன்னாள்: "நீங்க எத எழுதுனாலும் நாளைக்கோ அடுத்த வருசமோ எங்கள வெளியதான் அனுப்புவாங்க மிஸ்ஸி. அது எங்களுக்குத் தெரியும். அவரு தானா போனாருன்னு மட்டும் எழுதாதீங்க. நான் அந்த ஆணியப் புடிச்சு இழுத்தவ."

மறுநாள் துரையின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே ஒன்று எழுதினேன். வேலை நேரம், என் பொறுப்பில் இருந்தார், கட்டையைப் போடச் சொன்னது நான், தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்தது நான், உள்ளே வைக்கும்படி அவர் கேட்டார், நான் மறுத்தேன். துரை இரண்டு முறை படித்தார். மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் தோட்டத்தில் என்னைப் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். துரைக்கு எதிராக உண்மையை எழுதிய மிஸ்ஸி. யூனியன்காரர் வந்து கை குலுக்கினார். நான் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். அவர் கத்தியது எனக்குக் கேட்டது என்பதையும், ஆயாவைப் போகவிடாமல் நிறுத்தியதையும் நான் அந்தத் தாளில் எழுதவில்லை. ஆயாவும் வாய் திறக்கவில்லை. அறையில் இருந்தோம், சத்தம் கேட்கவில்லை என்று ஊரே முடிவுகட்டிக்கொண்டது. நான் அதை மாற்றவில்லை.

துரை சொன்னபடியே நாற்று வேலை மூடப்பட்டது. தங்கராசுவை அவர் அண்ணன் ஈப்போவுக்கு அழைத்துக்கொண்டு போனார். பாக்கியம் கியா பார்மில் ஒரு சீனர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் கழுவப் போனாள். வேலையில் இருக்கும்போது இறந்தவர் என்று தாளில் இருந்ததால், யூனியன்காரர் பேசி மாரியாயிக்குத் தைப்பூசம் வரை வீட்டில் இருக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். உண்மையை எழுதியதால் அவளுக்குக் கிடைத்தது அந்த மூன்று மாதம்தான். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியாது.

தைப்பூசம் முடிந்த வாரம், மாரியாயி மலைக்குக் கீழே தாப்பா என்ற ஊரில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டாள். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏறி வந்தாள். வெளி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மிஸ்ஸி. அவரு கத்துனாரா?"

"எல்லாரும் சொல்றாங்க, சத்தமே போடாம போயிட்டாரு, நோவு தெரிஞ்சிருக்காதுன்னு. பாக்கியத்தக் கேட்டா தலையக் குனிஞ்சுக்குறா. சத்தம் போடாம போற ஆளா மிஸ்ஸி அவரு? மூணு மாசமா அத நெனச்சே எனக்குத் தூக்கமில்ல. கடேசில பயந்து வாயடைச்சுப் போயிட்டாரோன்னு."

"கத்தினாரு" என்றேன். "நல்லாக் கத்தினாரு. தொறங்கன்னு கத்தினாரு."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் கழுத்தில் கொடி, ஆயா கேட்டது, நான் சொன்ன பதில், அந்த வார்த்தைகளையே. சும்மா கத்துகிறார் என்று நினைத்துவிட்டேன் என்றேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அந்தப் பாரமும் வேண்டாம்.

கொஞ்ச நேரம் புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுலயும் அப்படித்தான் கத்துவாரு" என்றாள். "பல நாளு நானே காதுல வாங்காம அடுப்படில நின்னுருக்கேன்." எழுந்து நின்றாள். "ஆனா நான் பொண்டாட்டி. நீங்க மிஸ்ஸி லா."

கீழே லோரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். லோரி வளைவில் மறையும் வரை நின்றேன். உள்ளே காய்ச்சலோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு போய், முதலில் இருந்தவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும் வரை நான் வேறு எதையும் கையில் எடுக்கவில்லை.